தங்கச்சியின் கையும் என் வாயும்

போன வருடம் தை மாதக் கடைசி. மாரி மழை ஓய்ந்து, வயல்களில் நெல் கதிர் தள்ளிக்கொண்டிருந்த நேரம். நோன்பு வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. கல்முனையில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மண்டபம் இருக்கிறது. அதன் மேல்மாடி அறையில்தான் இது நடந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அந்த அறையில்தான் என் வாய் எனக்கு முதல்முறையாகப் பாரமாகத் தெரிந்தது.

நான் சாய்ந்தமருதில் வீட்டோடு தையல் மெசின் வைத்திருக்கிறவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கண்ணில் பட்டதுதான்: சாமான் சுற்றி வந்த பேப்பர், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டு, அடுத்த வீட்டுக் கலியாண அட்டை. படித்ததைவிடக் கேட்டது அதிகம். ஊரில் யார் ஒரு நல்ல சொல் சொன்னாலும் முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டு, நாலு நாளில் அதை வேறு யாருக்காவது அவிழ்த்துக் கொடுத்துவிடுவேன். என் வீட்டுக்காரர் சொல்லுவார்: "இவட மெசினுக்கு மாசம் ஒருக்கா எண்ணெய் விடணும். வாய்க்கு ஆயுசுக்கும் தேவல்ல."

இந்தக் கதை என்னைப் பற்றியதல்ல, என் சாச்சியின் மகளைப் பற்றியது. உம்மாவின் தங்கையை நாங்கள் சாச்சி என்போம். ஆகவே எனக்கு அவள் தங்கச்சி முறை. என்னை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு நேர் எதிர். சாச்சியே சொல்லுவா: "இவளுக்கு நான் ரெண்டு காது பெத்தன். வாய் பெற மறந்திட்டன்."

தங்கச்சி வீட்டு முன்கூடத்தில் மா அரைக்கும் மெசின் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் சட்டைக் கை பெல்ட்டில் மாட்டி, வலது கை மெசினோடு போய்விட்டது. முழங்கைக்குக் கீழே ஒரு சாண்தான் மிச்சம். அன்றிலிருந்து அவளுக்கு வாய் நான். ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்டால் நான் பதில் சொல்வேன். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நான் கதைப்பேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவளுக்குக் கை போன குறையை என் வாயால் அடைக்கிறேன் என்று எனக்கு ஒரு எண்ணம். அவளும் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சொல்ல இடம் கொடுத்தேனா என்பது வேறு கதை.

அந்தத் தை மாதம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து பொறியியல் படிக்கிற பிள்ளைகள் சிலர் வந்திருந்தார்கள். கை இழந்தவர்களைத் தேடி வந்தவர்கள். ஆஸ்பத்திரியில் எங்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் மூலம் தகவல் வந்தது. தங்கச்சியின் மாப்பிள்ளை ஓட்டோ ஓட்டுகிறவர், எங்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார்.

மேல்மாடி அறையில் ஒரு மேசை. மேசையில் ஒரு கை. கறுப்பு பிளாஸ்டிக் கை, மணிக்கட்டோடு ஒரு பலகையில் பூட்டியிருந்தது. பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தங்கச்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், யாரோ தெரிந்த ஆளைப் பார்க்கிற மாதிரி.

அங்கே இருந்தவர்களில் இரண்டு பேரைச் சொன்னால் போதும். ஒருவர் விரிவுரையாளர், சிங்களக்காரர், நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். எல்லோரும் அவரைச் 'சேர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்குத் தெரிந்த தமிழில் பாதி "நல்லம், நல்லம்" என்பதுதான். மற்றது ஒரு தமிழ்ப் பிள்ளை, எங்கள் பக்கத்து ஊர், வயதில் என் மூத்த மகளை ஒத்தவள். வேலையெல்லாம் அவள் கையில்தான் இருந்தது.

தோலில் ஒட்டுகிற ஏதோ ஒன்று என்று சொன்னபோது, ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒட்டி இதயம் பார்ப்பார்களே, அந்த வட்டத்தைத்தான் நான் நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளை டப்பாவிலிருந்து எடுத்தது வேறு. முட்டையை அவித்து உரிக்கும்போது ஓட்டுக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒரு சவ்வு வரும் அல்லவா, அதைக் கொஞ்சம் தடிப்பாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. உள்ளே மயிரைவிட மெல்லிய கோடுகள் ஓடின. அப்படி மூன்று ஒட்டு. மூன்றிலிருந்தும் பஞ்சு நூல் போல மென்மையான வயர் போய்த் தீப்பெட்டி அளவான ஒரு பெட்டியில் சேரும். அந்தப் பெட்டியை மேற்கையில் கட்டிக்கொள்ள வேண்டும்.

நாம் விரலை மடக்க நினைத்த உடனே மூளையிலிருந்து முன்கைத் தசைக்கு ஒரு செய்தி வருகிறதாம். விரல் போனாலும் தசை இருக்கிறது, செய்தியும் வந்துகொண்டுதான் இருக்கிறதாம். வாங்க ஆளில்லாத வீட்டுக்குத் தபால் வருகிற மாதிரி. அந்தத் தபாலைத் தோலுக்கு மேலே இருந்தபடியே வாசித்து மெசின் கைக்குச் சொல்வதுதான் இந்த ஒட்டின் வேலை என்று அந்தப் பிள்ளை விளங்கப்படுத்தினாள். ஊசியும் இல்லை, வெட்டுக் கொத்தும் இல்லை.

யாரும் சொல்லாமலே சேர் எழுந்து யன்னல் பக்கம் திரும்பி நின்றார். அந்தப் பிள்ளை மூலையில் கட்டியிருந்த துணித் திரைக்குப் பின்னால் தங்கச்சியின் சட்டைக் கையை உயர்த்தி, மூன்று ஒட்டையும் ஒட்டி, பெட்டியைக் கட்டி, சட்டையை இறக்கிவிட்டாள். பிறகு மேசைக்கு முன்னால் கதிரை போட்டு உட்காரவைத்தாள்.

"அக்கா, இல்லாத கையால இப்ப ஒரு பொத்துப் பொத்துங்க," என்றாள்.

தங்கச்சி கண்ணை மூடினாள். கழுத்து நரம்பு தெரிந்தது. மேசையில் இருந்த கறுப்புக் கை, பூ வாடுவது போல மெல்ல மடங்கியது.

அவள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "ராத்தா, இது நானா செஞ்சது?"

பிறகு விரித்தாள். மடக்கினாள். விரித்தாள். ஐந்து வருடமாக தன் வலது கைப் பக்கமே திரும்பிப் பாராதவள், அந்தக் கையைப் பார்த்துச் சிரித்தாள். அப்போதும் நான் கதைப்பதை நிறுத்தவில்லை என்பதுதான் இங்கே சொல்ல வேண்டியது.

கேள்விகள் தொடங்கின. வலி இருக்கிறதா என்று கேட்டார்கள். மழைக்காலத்தில் இருக்கும் என்றேன் நான். வீட்டில் என்ன வேலை செய்வா என்று கேட்டார்கள். எல்லாம் செய்வா என்றேன் நான். கை கிடைத்தால் முதலில் என்ன செய்ய விருப்பம் என்று கேட்டார்கள்.

"எழுதுவா, சமைப்பா, புள்ளைகளுக்கு ஊட்டிவிடுவா," என்று நான் சொன்னேன். அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டாள். தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான விசயத்தைச் சொன்னார்கள். இரண்டு நாள், இரவும் பகலும், இந்த ஒட்டுக்களைக் கழற்றாமல் வீட்டு வேலை செய்ய வேண்டும். தசை சொல்வதெல்லாம் பெட்டியில் பதிவாகும். அந்தப் பதிவு அறுந்துபோகாமல் வந்தால்தான் மெசின் அவளுடைய கையைப் பழகும். அப்படி வந்தால் அவளுடைய அளவுக்குக் கையைச் செய்து மூன்று மாதம் வீட்டில் வைத்துப் பாவிக்கத் தருவார்கள். பதிவு சரியில்லை என்றால் வேறு ஊரில் காத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஏனென்றால் அப்போதைக்கு அவர்களிடம் இருந்தது அந்த ஒரு கைதான். குளிக்கும்போது பொலித்தீன் சுற்றச் சொன்னார்கள். சிவப்பாகப் புள்ளி ஏதும் வந்தால் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், உடனே நிறுத்த வேண்டும் என்றும் சொன்னார்கள்.

"ஏதும் கஷ்டம் இருக்குமா அக்கா?" என்று அந்தப் பிள்ளை தங்கச்சியைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"ஒரு கஷ்டமும் இல்ல மகள். எங்கட புள்ள பொறுமைசாலி," என்றேன் நான்.

தங்கச்சி இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு தரம் இழுத்தாள். வீட்டுக்குப் போகத் துடிக்கிறாள் என்று நினைத்து, "இந்தா போவம் கா, உனக்கு எப்பவும் அவசரம்," என்று அவளுடைய தோளைத் தட்டிவிட்டேன்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, அவித்த மரவள்ளிக் கிழங்கு கொஞ்சம் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் தொழுதுவிட்டுப் பாயில் இருந்தாள். பக்கத்தில் ஒரு பீங்கான். பீங்கானில் பொலித்தீன் விரித்து, அதன்மேல் மூன்று ஒட்டும் மல்லாந்து கிடந்தன.

"என்னகா இது? ரெண்டு நாளைக்குக் கழட்டக்கூடாது எண்டாங்களே."

"வுழூ எடுக்காம எப்பிடி ராத்தா தொழுற?"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொழுகைக்கு முன்னால் முகமும் முழங்கை வரை கைகளும் காலும் கழுவுவதைத்தான் வுழூ என்போம். தண்ணீர் தோலில் படவேண்டும், நடுவில் எதுவும் தடுக்கக்கூடாது. மிச்சம் இருப்பது ஒரு சாண் கை என்றாலும் அந்த ஒரு சாணைக் கழுவத்தான் வேண்டும். ஐந்து வேளையும் தொழுகிற எனக்கு, அந்த அறையில் இருந்தபோது இது மண்டையில் ஏறவில்லை. அவளுக்கு ஏறியிருக்கிறது. அதற்குத்தான் என் சட்டையை இழுத்திருக்கிறாள்.

நான் விடவில்லை. "கட்டுப் போட்ட கையெண்டா மேலால தடவினாக் காணும் எண்டு சலுகை இரிக்கே."

"அது புண்ணுக்கு. இது புண்ணில்லயே."

"அப்ப அங்க வெச்சே சொல்லியிருக்கலாமே."

"உங்கட சட்டையத்தான் புடிச்சு இழுத்தன்."

அதற்குப் பிறகும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "சரி, கேட்டா நான் சமாளிக்கிறன். நீ வாயத் திறக்காத," என்றேன்.

"என்னட்ட கேட்டா நான் உள்ளதச் சொல்லுவன் ராத்தா."

"எண்டைக்குக் கதைச்சிரிக்கா நீ, அண்டைக்கு மட்டும் கதைக்க?"

அவள் சிரித்தாள். "பயப்பிடாதீங்க. இரிந்த இடத்திலதான் திருப்பி ஒட்டுறன்," என்றாள். ஒற்றைக் கையால் எப்படி ஒட்டுகிறாள், இருந்த இடம் அவளுக்கு எப்படித் தெரிகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். வீட்டில் ஒரு கலியாணச் சட்டை பாதியில் கிடந்தது. கிழங்கை வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை ஓட்டோவில் போகும்போது காற்றுக்கு அவளுடைய சட்டைக் கை விலகியது. ஒட்டுக்களின் ஓரத்தில் சிவந்த புள்ளிகள். ஒன்றல்ல, நாலைந்து. ஒரு பக்கம் கழற்றிக் கழற்றி ஒட்டியது. மறு பக்கம் தோலுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. இதைப் பார்த்தார்கள் என்றால் அந்த இடத்திலேயே முடித்துவிடுவார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. தையல்காரியிடம் ஊசிக்குப் பஞ்சமா? அவளுடைய சட்டைக் கையை இழுத்துவிட்டு, ஓரத்தை மடித்து இரண்டு ஊசி குத்தி இறுக்கினேன்.

"என்னத்துக்கு ராத்தா?"

"காத்து," என்றேன்.

முன்னாலிருந்து அவளுடைய மாப்பிள்ளை சொன்னார்: "ராத்தா, என்ன இண்டைக்கு இவ்வளவு அமைதி? ஓட்டோக்கு என்ஜின் சத்தம் இரிக்கிறது எனக்கே இப்பதான் தெரியுது."

மேல்மாடிக்குப் போனோம். அந்தப் பிள்ளை பெட்டியை வாங்கி மடிக்கணினியில் பூட்டினாள். திரையில் கோடுகள் ஓடின, கடல் அலை மாதிரி. ஓடிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் அலை நின்று, செத்த கோடாகப் போனது. பிறகு அலை. பிறகு மறுபடி செத்த கோடு. அவள் முகம் மாறியது. சேரைக் கூப்பிட்டாள். இருவரும் சிங்களத்தில் கதைத்தார்கள். "நல்லம்" என்ற சொல் ஒரு தரமும் வரவில்லை.

சேர் என் பக்கம் திரும்பித் தமிழைத் தேடித் தேடிக் கேட்டார்: "இத... கழட்டினதா?"

"இல்ல சேர். கழட்டவே இல்ல," என்றேன்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற ஒருவர் இருக்கிறார். அவர் சொல்லுவார்: "நான் பொய் சொன்னாலும் மீன்ட செவுள் பொய் சொல்லாது தங்கச்சி, திறந்து பாருங்க." அந்தத் திரையில் செவுள் திறந்து கிடந்தது. அதற்கு முன்னால் நின்றுகொண்டு நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியர்வையில் ஒட்டு கிளம்பியிருக்கலாம், மெசினில் பிழை இருக்கலாம் என்று அவர்கள் தங்களுக்குள் யோசித்தார்கள். சேர் கொப்பியை எடுத்து ஏதோ எழுதத் தொடங்கினார். முடிந்தது என்று எனக்கு விளங்கியது. தங்கச்சி மேசையில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்துவிட்டுப் போகப் போகிற சாமானைக் கடைசியாகப் பார்ப்பது போல.

அந்தப் பிள்ளை மட்டும் திரையை விடவில்லை. செத்த கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு நேரத்தை வாசித்தாள். "பகல் பன்னிரண்டே முக்கால். பின்னேரம் மூண்டே முக்கால். ஆறு இருபத்தைஞ்சு. விடிய ஐஞ்சேகால்." வாசித்துக்கொண்டே போனவள் நிறுத்தினாள். கதிரையைத் திருப்பிக்கொண்டு தங்கச்சிக்கு நேரே உட்கார்ந்தாள்.

"அக்கா, இது தொழுகைக்குப் பாங்கு சொல்லுற நேரங்கள்தானே?"

நான் வாயைத் திறந்தேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்க்காமலே கையை மெல்ல உயர்த்தினாள், பொறுங்கள் என்கிற மாதிரி.

"ஓம் மகள்," என்றாள் தங்கச்சி. "வுழூ எடுக்கக் கழட்டினன். கேட்டாச் சொல்லுவம் எண்டுதான் இரிந்தன். என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை திரும்பி அந்தச் செத்த கோடுகளை எண்ணினாள்.

"ரெண்டு நாளைக்குப் பத்து நேரம் வரணும், ஒம்பதுதான் இருக்கு," என்றாள் அந்தப் பிள்ளை.

"முதல் நாள் பொழுதுபட மஃரிபுக்கு எடுத்த வுழூவோடயே ராவைக்கு இஷாவும் தொழுதிட்டன்."

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டாள். "நான் உங்கட ஊர்ப் பாங்கக் கேட்டுத்தான் படிச்சனான் அக்கா. விடியக் காலமை எனக்கு அலாரமே அதுதான். எனக்குக்கூட இது தோணல்ல பாருங்க."

பிறகு சேருக்குச் சிங்களத்தில் சொன்னாள். சேர் எழுதுவதை நிறுத்தினார். எழுந்துவந்து திரையைப் பார்த்தார். இன்னும் குனிந்து பார்த்தார். எதையோ விரலால் காட்டி அவளிடம் கேட்டார். அவள் எங்களிடம் திரும்பினாள்.

அவர்களுக்குப் பெரிய தலையிடி ஒன்று இருந்ததாம். ஒட்டைக் கழற்றி மறுபடி ஒட்டினால் ஒரு நூல் அளவு விலகினாலும் மெசினுக்கு ஆள் மாறிப்போன மாதிரி ஆகிவிடுமாம், முதலிலிருந்து பழக்க வேண்டுமாம். அதனால்தான் இரண்டு நாளும் கழற்றவே கூடாது என்று சொன்னார்கள். இங்கே ஒன்பது தரம் கழற்றி ஒன்பது தரம் ஒட்டியிருக்கிறாள், அதுவும் ஒற்றைக் கையால். ஒவ்வொரு செத்த கோட்டுக்குப் பிறகும் அலை அச்சு மாறாமல் பழைய அலையாகவே வந்திருக்கிறது.

"எப்பிடி அக்கா அதே இடத்தில ஒட்டினீங்க?"

தங்கச்சி சட்டைக் கையை உயர்த்தப் பார்த்தாள். முடியவில்லை. என் பக்கம் திரும்பி அமைதியாகச் சொன்னாள்: "ராத்தா, இந்த ஊசியக் கழட்டுங்க."

குத்திய இரண்டு ஊசியையும் நானே கழற்றினேன். சேர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துணித் திரைக்குப் பின்னால் தங்கச்சி சட்டையை உயர்த்தி, ஒட்டுக்களை எடுத்தாள். தோலில் ஆறு புள்ளிகள். ஒவ்வொரு ஒட்டுக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று. மருதோண்டி. பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் கையில் வைப்போமே, அதேதான். ஊர் மணப்பெண்களுக்கெல்லாம் சட்டை தைத்து, அவர்களின் மருதோண்டிக் கையைப் பிடித்து அளவெடுக்கிற எனக்கு, அது மருதோண்டி என்று தெரியவில்லை. பயத்தோடு பார்க்கிற கண்ணுக்கு மஞ்சளும் காமாலையாகத்தான் தெரியும் போலிருக்கிறது.

முதல் நாள் வீட்டுக்குப் போனதும், ளுஹர் என்கிற பகல் தொழுகைக்கு முன்னால், ஒட்டுக்கள் தோலில் இருக்கும்போதே அவற்றின் ஓரத்தில் ஈர்க்கால் தொட்டுத் தொட்டு வைத்திருக்கிறாள். காய்ந்து சிவந்த பிறகுதான் முதல் தரம் கழற்றியிருக்கிறாள். திருப்பி ஒட்டும்போது ஒரு ஓரத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு, புள்ளிக்குப் புள்ளி சேர்த்து வைப்பாளாம்.

"பேனையால வைக்கலாம்தானே?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

"பேனை முதல் வுழூவிலேயே போயிரும். நகத்துக்குப் பூசுற சாயமெண்டா போகாது, ஆனா அதுக்குக் கீழ தண்ணி போகாது, வுழூ கூடாது. மருதோண்டி தோலோட தோலாப் போயிரும் மகள். தண்ணிக்கும் மறிப்பில்ல, ரெண்டு கிழமைக்கு அழியவும் மாட்டாது."

அது எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் சின்ன வயதிலேயே தெரிந்த விசயம். எனக்கும் தெரியும். ஆனால் அதை எடுத்து அந்த மெசினோடு சேர்க்க வேண்டும் என்று தோன்றியது, வாய் இல்லாதவள் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த அவளுக்குத்தான்.

நான் அப்போது சொன்னேன்: "மகள், கழட்டவே இல்ல எண்டு நான் சொன்னது பொய். இந்தச் சட்டைக் கையையும் நான்தான் ஊசி குத்தி மறைச்சன், ஒத்துக்கொள்ளாம வந்த புள்ளி எண்டு நினைச்சு."

"தெரியும் அக்கா," என்றாள் அவள். சில பேர் மன்னிப்பதே தெரியாமல் மன்னிப்பார்கள்.

சேர் என்னைக் கடிந்துகொள்வார் என்று காத்திருந்தேன். அவர் அந்தப் பிள்ளையிடம் மெல்லச் சொல்ல, அவள் எங்களுக்குச் சொன்னாள்: "பிழை எங்கடதானாம். குளிக்கிறதப் பற்றிச் சொன்னம், தூங்குறதப் பற்றிச் சொன்னம், தொழுறீங்களா எண்டு ஒரு கேள்வி கேக்கல்ல." பிறகு சேர் தானே தமிழில் முயன்றார்: "மருதோண்டி... கடையில... இருக்குதா?"

"எப்பவும் இரிக்கு சேர், பெருநாளைக்கு மட்டும்தான் வைக்கணும் எண்டு சட்டமில்ல. வேணுமெண்டா எங்கட வேலியில முறிச்சுத் தாறன்," என்றாள் தங்கச்சி. அவ்வளவு நீளமாக அந்நிய மனிதர் ஒருவரோடு அவள் கதைத்து நான் கண்டதே இல்லை.

பதிவை ஏற்றுக்கொண்டார்கள். கை வேறு ஊருக்குப் போகவில்லை. அளவெடுத்தார்கள். நான் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அந்தப் பிள்ளை பழைய தாளை எடுத்தாள். நான் சொன்ன பதில்கள் எழுதியிருந்த தாள். எல்லாவற்றையும் ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்டாள்.

"கை கிடைச்சா முதல்ல என்ன செய்ய விருப்பம் அக்கா?"

தங்கச்சி யோசித்தாள். எவ்வளவு நேரம் யோசித்தாள் தெரியுமா? என் நாக்குக்குக் கீழே நாலு பதில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நோன்பில் பின்னேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருப்பதுகூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

"துணி பிழியணும்," என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். "ஒத்தக் கையால துணி பிழிய ஏலா மகள். குழாயில சுத்திப் பிழியுறன். குழாயே ரெண்டு தரம் கழண்டு போச்சு. பெரிய துணியெண்டா தண்ணியோடயே கொடியில போடுறன், காய ரெண்டு நாள் போகும். புள்ளைகளுக்கு ஊட்டுறதெல்லாம் இடது கையால பழகிட்டன். சமைக்கிறன், கூட்டுறன். இது ஒண்டுதான் யாரையாவது கூப்பிட்டு, 'இந்த முனையப் புடிங்க' எண்டு சொல்ல வேண்டிக் கிடக்கு. ஒவ்வொரு நாளும் சொல்ல வெக்கமாக் கிடக்கு."

அவளுடைய வீடு என் வீட்டிலிருந்து ஐந்தாவது வீடு. ஐந்து வருடம். எனக்கு இது தெரியாது.

சேர் அந்தப் பிள்ளையிடம் ஏதோ கேட்டார். பிறகு தன்னுடைய கைக்குட்டையை எடுத்துக்கொண்டுபோய் வெளிக் குழாயில் நனைத்துக் கொண்டுவந்தார். மறுபடி தங்கச்சி துணித் திரைக்குப் பின்னால் போய் ஒட்டுக்களை ஒட்டிக்கொண்டாள், புள்ளிக்குப் புள்ளி. இந்தத் தரம் யாரும் உதவவில்லை, அவளேதான் ஒட்டினாள். கைக்குட்டையின் ஒரு முனையை மேசையில் பூட்டியிருந்த கறுப்புக் கையில் வைத்தார்கள். அவள் கண்ணை மூடவில்லை. கறுப்பு விரல்கள் மடங்கின. மறு முனையை இடது கையால் பிடித்து முறுக்கினாள். வழுக்கியது. மறுபடி. வழுக்கியது. மூன்றாம் தரம் கறுப்புக் கை விடவில்லை. கைக்குட்டை கயிறு மாதிரி இறுகி, தண்ணீர் முதலில் சொட்டாக விழுந்து, பிறகு கோடாக மேசையில் ஊற்றி, அவர்களுடைய தாள்களையெல்லாம் நனைத்தது. யாரும் தாளை எடுக்கவில்லை.

"நல்லம்," என்றார் சேர். "நல்லம், நல்லம்."

கையை மூன்று மாதம் வீட்டில் வைத்திருந்தாள். ஒரு விரல் இறுகிப்போய்த் திருத்தக் கொண்டுபோனார்கள், திருத்திக் கொண்டுவந்தார்கள். இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. அது அவளுக்குச் சொந்தமாகுமா என்று இன்றைக்கும் யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. நான் கூடப் போவதை நிறுத்தவில்லை. போகிறேன், கதிரையைக் கொஞ்சம் பின்னால் போட்டு உட்காருகிறேன். அவள் பதில் சொல்ல நேரம் எடுக்கும். அந்த நேரத்தை அவளுக்கு விட்டுக்கொடுக்க இந்த வயதில் பழகிக்கொண்டிருக்கிறேன்.

எங்கேயோ இருந்து வந்த பிள்ளைகள், தோலுக்குக் கீழே ஒரு தசை துடிப்பதைக்கூடக் காது கொடுத்துக் கேட்க இவ்வளவு பாடுபட்டபோது, ஐந்து வீடு தள்ளி இருந்த நான் அவளிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லையே என்று நினைக்கும்போதெல்லாம், இன்றைக்கும் எனக்குப் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது.